உடையாமல் வந்த கல்

பாறை வலிமை ஆய்வகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும்: "சார், ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க போதும்." எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைச்சுவர் இடிந்து விழாமலிருக்க மட் (துளைக்குள் செலுத்தும் சேற்றுத் திரவம்) எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், உற்பத்தி தொடங்கியபின் எண்ணெயோடு மணலும் சேர்ந்து வருமா என்பதையெல்லாம் பாறையின் வலிமையைச் சொல்லும் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். எண் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அது எந்தக் கல்லின் எண் என்று யாரும் கேட்பதில்லையே, அதுதான் குறை.

ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த கோர், அதாவது நீண்ட உருளை வடிவப் பாறைத் துண்டு, குழாய்க்குள் வைத்து எங்களிடம் வரும். குழாயை அறுத்துத் திறந்தால் சில அடிக்கு வழவழவென்று முழுசாக இருக்கும். அப்புறம் தட்டுத்தட்டாகப் பிரிந்த ஷேல் எனும் களிப்பாறை. அதற்கும் கீழே, விரல் பட்டாலே உதிர்கிற மணற்கல். இதிலிருந்து 38 மில்லிமீட்டர் விட்டமும் அதைப்போல் இரு மடங்கு நீளமும் உள்ள சிறு உருளைகளை, அதாவது பிளக்குகளை, வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவோம்? முழுசாக இருக்கிற இடத்தில்தான். உதிர்கிற மணலை உறையவைத்து வெட்டும் வழி உண்டு. செலவு அதிகம், எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆக, அறிக்கையில் வருகிற சராசரி பிழைத்து வந்த கற்களின் சராசரி. மணல் வருமா வராதா என்பதைச் சொல்ல வேண்டியதோ, தட்டில் குவியலாகக் கிடக்கிறது.

ஷேலின் கதை வேறு. தண்ணீர் விட்டு அறுத்தால் ஊறிப் பிளந்துவிடும். அதனால் தாது எண்ணெய் விட்டுத்தான் அறுப்போம். மெழுகு பூசிப் பாதுகாக்காமல் அலமாரியில் காயவிட்டாலோ, உடையாமல் தப்பிய துண்டு பூமிக்குள் இருந்ததைவிடக் கூடுதல் பலம் காட்டும். பார்ப்பதற்கு நல்ல ரிசல்ட். நம்பி மட்டின் கனத்தைக் குறைத்தால் துளை சரியும்.

சோதனை என்னவோ எளிமையானதுதான். பிளக்கின் இரு முனைகளையும் துல்லியமாகச் சமப்படுத்தி, சூட்டில் சுருங்கும் டெஃப்ளான் உறையை மாட்டி, தடித்த எஃகுக் கலத்துக்குள் வைக்கிறோம். சுற்றிலும் எண்ணெய் அழுத்தம், மேலிருந்து பாரம். பக்க அழுத்தமே இல்லாமல் அமுக்கினால் கல் 'டப்'பென்று வெடிக்கும். பக்க அழுத்தம் ஏற ஏற அதே கல் அடம்பிடித்து நிற்கும்; இன்னும் ஏற்றினால் உடையாமல் நடுவில் புடைத்துக்கொள்ளும். 1911-லேயே ஃபான் கார்மான் கராரா பளிங்கில் இதைச் செய்து காட்டிவிட்டார். ஆகவே வலிமை என்பது ஓர் எண்ணே இல்லை. பல அழுத்தங்களில் உடைத்துப் பார்த்து வரைகிற ஒரு கோடு. "ஒரே நம்பர்" கேட்கிறவரிடம் இதைச் சொன்னால், "அந்தக் கோட்டிலிருந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்பார்.

எந்தக் கல் என்பதோடு, எதில் நனைந்த கல் என்றும் கேட்க வேண்டும். நார்வேயின் வட கடலில் உள்ள எக்கோஃபிஸ்க் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எண்ணெய் இருப்பது நுண்துளைகள் மிகுந்த சாக்கு (chalk) எனும் மென்மையான சுண்ணாம்புப் பாறையில். 1971-ல் உற்பத்தி தொடங்கியது. எண்ணெயை எடுக்க எடுக்க உள்ளழுத்தம் குறைந்து, மேலிருக்கும் பாறைகளின் பாரம் முழுக்கச் சாக்கின் மேல் இறங்கியது. 1984-ல் பார்த்தால் கடல்தளம் சுமார் 3 மீட்டர் தாழ்ந்திருந்தது. 1987-ல் கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள். அழுத்தத்தை மீட்கக் கடல்நீரைச் செலுத்தினார்கள். அப்போதும் தளம் இறங்குவது உடனே நிற்கவில்லை. தண்ணீர் பட்டால் சாக்கு இளகும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே சாக்கில் இரண்டு பிளக் வெட்டி, ஒன்றை எண்ணெயிலும் இன்னொன்றை நீரிலும் ஊறவைத்து அமுக்கினால், நீரில் ஊறியது முன்னதாகவே நொறுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போதெல்லாம் என் அறிக்கை அட்டவணையில், பிளக் வெட்ட முடியாத ஆழங்களையும் வரிசையாகச் சேர்த்துவிடுகிறேன். வலிமைக்கான கட்டத்தில் "மாதிரி நிற்கவில்லை" என்று எழுதி, பக்கத்தில் உதிர்ந்த கோரின் படம். அந்த வரிகளை எடுத்துவிடச் சொல்லிச் சிலர் கேட்பதுண்டு, மென்பொருளில் ஏற்றும்போது பிழை காட்டுகிறதாம். வேண்டுமானால் அவர்கள் பிரதியில் நீக்கிக்கொள்ளட்டும் என்பேன்.