கறுப்பு நகம்

ஊரில் நாய்க்கு யாரும் நகம் வெட்டி நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் நாய் விடிந்தால் ஒழுங்கை, பொழுதுபட்டால் கல்ரோட்டு என்று திரியும். நகம் தன்பாட்டில் தேய்ந்துவிடும்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் நாய் வீமனுக்கு ஜனவரி முழுக்கக் கார்ப்பெட்தான். வெளியே போனாலும் பத்து நிமிடம், அதுவும் ஸ்னோவுக்குள். நகம் எங்கே தேயும்? சமையலறைத் தரையில் 'டக் டக்' என்று கேட்கத் தொடங்கியதும் மகள் நகவெட்டி வாங்கி வந்தாள்.

வெள்ளை நகமென்றால் உள்ளே இரத்தம் ஓடும் சதை ரோஸ் நிறத்தில் தெரியும். வீமன் கறுப்பு லாப்ரடோர், நகமும் கறுப்பு. மூன்று நகம் தப்பியது. நாலாவதில் 'வீல்' என்று கத்தினான். அந்தத் துளி நகத்துக்குள் அவ்வளவு இரத்தமா!

மாமி மஞ்சள்தூள் போத்தலோடு ஓடிவந்தா. "அம்மம்மா, பொறுங்கோ" என்று மகள் மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தாள். அங்கே பேசிய பெண் பதறவேயில்லை. வீட்டில் சோளமா இருக்கிறதா என்றுதான் கேட்டாள். நகநுனியில் அதை அப்பி, துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். இடையில் திறந்து பார்க்கக் கூடாதாம். எனக்கு அதுதான் பெரும்பாடு. இருபது நிமிடமாகியும் நிற்காவிட்டால் கொண்டுவரச் சொன்னாள்.

நோவுக்கு டைலனோல் குளிசை பாதி கொடுக்கலாமா என்று நான் கேட்டபோதுதான் அவள் குரல் மாறியது. டைலனோல், அட்வில் என்று நாங்கள் போடும் நோக்குளிசை இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாமாம். தடிமனோ காய்ச்சலோ, எல்லாவற்றுக்கும் டைலனோல் தேடுகிற வீடு எங்களது!

இரத்தம் நின்றது. அடுத்த கவலை ரோட்டு உப்பு. பனி உருக நடைபாதையெல்லாம் கொட்டி வைத்திருப்பார்கள். புண்ணில் பட்டால் எரியும். மகளின் பழைய சொக்ஸை வெளியே போகும்போது மட்டும் மாட்டிவிட்டோம். நக்க விடாமல் பார்ப்பது அதைவிடக் கஷ்டம், நக்கினால் காய்ந்தது திரும்பவும் திறந்துவிடும். வீக்கமோ சீழோ வரவில்லை. மூன்றாம் நாள் வீமன் பழையபடி ஓடினான்.

இப்போது கிழமைக்கு ஒருமுறை மெல்லிய சீவலாக வெட்டுகிறேன். வெட்டிய முகத்தின் நடுவில் கரும்பொட்டுப் போல ஒன்று தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுவேன். இப்படி அடிக்கடி கொஞ்சமாக வெட்டிவந்தால் உள்சதையும் மெல்ல மெல்லப் பின்வாங்குமாம்.

வீமன் நம்புவதாக இல்லை. நகவெட்டி இருக்கும் லாச்சியைத் திறந்தாலே மாமியின் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். மாமியும் கட்டிலில் இருந்தபடி, "இஞ்சை வரேல்லையே" என்பா.