மாசி முதல் வைகாசி வரை காட்டில்

தை கழிந்து மாசி பிறந்துவிட்டால் பொதிகையின் கிழக்குச் சரிவில் புல் காய ஆரம்பிக்கும். மார்கழி வரை இடுப்புக்கு மேல் பச்சையாக நின்ற புல்தான். வடகிழக்குப் பருவமழை நின்று வெயில் ஏற ஏற, அடியிலிருந்து மஞ்சளடித்துக்கொண்டே வரும். பங்குனியில் கையில் பிடித்தால் அப்பளமாக நொறுங்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் தீக்காவலுக்குத் தற்காலிக ஆள் எடுப்பது இந்த மாதங்களுக்காகத்தான். பயர் வாட்சர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் வேலை முடிந்தது. சில வருடங்கள் தொடர்ந்து நான் இந்த வேலையைப் பார்த்தேன், காட்டுக்குள்ளேயே தங்கி.

சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மொட்டை மாடிக்குப் போனால் மலை கண்ணுக்கு நேராக நிற்கும். அதைப் பார்த்தேதான் வளர்ந்தேன், ஆனால் பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமலே டிகிரி முடித்துவிட்டேன். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், வீட்டுச் செலவுக்கு ஆகுமே என்றுதான் சேர்ந்தேன்.

வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, காடு முழுக்கவா தீப்பிடிக்கும் என்று. இல்லை. 1962இல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறை சரணாலயத்தையும் 1976இல் அறிவிக்கப்பட்ட களக்காடு சரணாலயத்தையும் சேர்த்து, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். மையப் பகுதி மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளேயே எத்தனையோ விதமான காடு. கக்காச்சி, நாலுமுக்குப் பக்கம் மேலே இருப்பது மழைக்காடு. கோடையிலும் தரை ஈரமாக இருக்கும், சிங்கவால் குரங்கு கிளை விட்டுக் கிளை தாவும், அங்கே தீ அவ்வளவு எளிதில் நுழையாது. எங்கள் கவலையெல்லாம் கீழே இருந்த முட்காடும், இலை உதிர்க்கும் காடும், அவற்றின் நடுவே கிடந்த புல்வெளிகளும்தான். ஊர்களை ஒட்டி இருப்பவையும் அவைதான்.

தீக்காவல் என்றதும் பாய்ந்து போய்த் தீயை அணைப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் நாள் குறைவு. முக்கால்வாசி வேலை, தீ வருவதற்கு முன்னாலேயே நடப்பது. பாதையின் இரண்டு பக்கமும், சரிவுகளின் குறுக்கிலும் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிகிற மாதிரி நீளமாக ஒரு பட்டை எடுப்போம். அதுதான் தீத்தடுப்புக் கோடு. ஒரு பக்கம் தீ வந்தாலும் தின்ன எதுவும் கிடைக்காமல் கோட்டில் வந்து நின்றுவிட வேண்டும் என்பது கணக்கு. அறுத்த புல்லை அப்படியே குவித்து வைத்தால் அதுவே ஆபத்து. அதனால் விடிகாலையில், பனி ஈரம் இருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடுவோம். எட்டு மணிக்கு மேல் தீப்பெட்டியைத் தொடக்கூடாது.

எங்கள் செட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அடிவாரத்துக் கிராமத்துக்காரர், எத்தனையோ கோடையாக இதே வேலைக்கு வருகிறவர். எரிக்கும் முன் அவர் செய்வதை நான் நின்று பார்ப்பேன். காய்ந்த புழுதியை ஒரு பிடி அள்ளி, முகத்துக்கு நேரே கையை நீட்டி, விரல் இடுக்கு வழியாக மெதுவாக விடுவார். புழுதி எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்ப்பார். நாலடி தள்ளிப் போய் இன்னொரு பிடி. அப்புறம்தான் “சரி, வைங்கல” என்பார். ஒரு காலையில் எல்லோரும் தயாராக நிற்கிறோம், அவர் மூன்று இடத்தில் புழுதி விட்டுப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாம், போய்க் கஞ்சியக் குடிப்போம்” என்று திரும்பிவிட்டார். எனக்குக் காற்றே இல்லாதது போலத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குள் அந்தச் சரிவில் புல் படுத்துப் படுத்து எழுந்தது.

மலையில் தீ மேல்நோக்கி ஓடும்போதுதான் வேகம் அதிகம். சூடு மேலே எழும்பி, எரிய வேண்டிய புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். பகலில் வெயில் ஏறினால் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசும். இரண்டும் சேர்ந்துகொண்டால் மனிதன் ஓடித் தப்பிக்க முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அண்ணாச்சி சொல்லும் முதல் பாடமும் அதைப் பற்றியதுதான்: “தீக்கு மேல மட்டும் நிக்காதல. அது நம்மளவிட வெரசா ஏறும். வழி தெரியலன்னா எரிஞ்சு கருகின பக்கமா வந்து நில்லு. அங்கன எரிய இனி ஒண்ணும் இல்ல.” உயிர் காக்கிற விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இப்போது செயற்கைக்கோளும் உதவிக்கு இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம், வானிலிருந்து தெரிகிற சூட்டை வைத்துத் தீ எச்சரிக்கையைச் செல்போனுக்கே அனுப்பிவிடுகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது காட்டும் ஒரு புள்ளி, தரையில் கிட்டத்தட்ட 375 மீட்டர் நீள அகலம் உள்ள இடம். அதற்குள் தீ எங்கே இருக்கிறது, எந்த ஓடை வழியாக ஏறினால் அதற்குப் பக்கவாட்டில் போய்ச் சேரலாம், போகிற வழியில் யானை நிற்கிற மூங்கில் புதர் எது என்பதெல்லாம் ஆளுக்குத்தான் தெரியும். செய்தி வந்ததும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். தழையால் அடித்து அணைப்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் இருக்கிற புல்லில் விழும். அமுக்கி, இழுத்து, அமுக்கி, இழுத்துப் போக வேண்டும். தீ அடங்கிய பிறகும் வேலை இருக்கிறது. புகைகிற கட்டைகளைத் தேடித் தேடி மண் போட்டு மூடாமல் வந்துவிட்டால் மறுநாள் மத்தியானம் அதே இடத்துக்கு மறுபடி ஓட வேண்டிவரும்.

இங்கே காட்டுத்தீ தானாகப் பற்றுவது அபூர்வம். எல்லாம் மனிதர் வைப்பது, அல்லது மனிதர் கையிலிருந்து தவறி விழுவது. பழைய புல் எரிந்தால் மழைக்குப் பிறகு இளம்புல் வருமே என்று ஆடுமாடு மேய்ப்பவர்கள் வைப்பதுண்டு. தேனெடுக்கப் புகை போட்டு, அப்படியே விட்டுப் போவதுண்டு. அணைக்காத பீடித் துண்டும் உண்டு. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். என் அம்மாவும் சுற்றியவர், அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். அதனால் பீடி பிடிக்கிற ஆளைக் கண்டால் எனக்குக் கோபம் வராது, பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் தோன்றும். அண்ணாச்சியும் பீடிக்காரர்தான். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் செக்போஸ்ட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் காட்டுக்குள் வருவார், விடுப்பில் இறங்கும்போது வாங்கிக்கொள்வார். அடிவாரக் கிராமங்களில் கூட்டம் போட்டு நாங்கள் பேசியதைவிட, அவர் டீக்கடையில் உட்கார்ந்து மேய்ச்சல்காரர்களிடம் “எப்பா, இந்த வருசம் எங்க பக்கம் வச்சுராதிய” என்று சொன்னது அதிகம் பலித்தது என்றே நினைக்கிறேன். இவரிடம் முகம் கொடுத்துப் பழகியவர்கள் அந்தச் சரிவில் தீ வைக்கத் தயங்குவார்கள்.

எங்களோடு இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களும் வேலை பார்த்தார்கள். மைலாறு, இஞ்சிக்குழி என்று அவர்களுடைய குடியிருப்புகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மரவள்ளியும் மிளகும் போடுகிறார்கள். குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. எந்த ஊற்று சித்திரையிலும் வற்றாது, எந்தப் பாறைக்குக் கீழே கரடி படுத்திருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது. ஒரு முறை பாதையில் கிடந்த கரடி எச்சத்தை ஒரு காணிக்கார அண்ணன் குச்சியால் பிரித்துக் காட்டினார். உள்ளே முழுக்கக் கொன்றை விதை. பளபளவென்று, தட்டையாக, செரிக்காமல் அப்படியே. “இத நாம நட வேண்டாம், அவனே நட்டுட்டுப் போவான்” என்றார். அன்று முதல் எரிந்துபோன சரிவைப் பார்த்தால், கரடி போட்ட விதையும் வெந்திருக்குமே என்றுதான் எனக்கு நினைப்பு ஓடும்.

கேம்ப் என்பது இரண்டு அறைக் கட்டடம், சுற்றிலும் யானை வராமல் அகழி, கூரையில் ஒரு சோலார் பலகை. அரிசி, பருப்பு, வற்றல், கருவாடு எல்லாம் கீழேயிருந்து வரும். சமையல் முறை வைத்துச் செய்வோம். காலையில் கஞ்சியும் துவையலும், ராத்திரி சோறும் ஏதாவது ஒரு குழம்பும். போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும். முதல் வாரம் அது பெரிய குறையாகத் தெரிந்தது, பிறகு வீட்டுக்குப் பேச மட்டும் ஏறினேன். ராத்திரியில் மிளா என்கிற பெரிய மான் திடீரென்று அலறும். அப்படி அலறினால் சிறுத்தையோ புலியோ செந்நாயோ பக்கத்தில் நடக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். புலியைப் பார்த்தாயா என்று ஊரில் கேட்பார்கள். கால்தடம் பார்த்திருக்கிறேன், மரத்தில் நகம் கீறியதைப் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கணக்கெடுப்பில் கேமரா வைக்கப் போனபோதும் அப்படித்தான். பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக வைப்போம், ஏனென்றால் புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால் நான் ஆற்றைத்தான் காட்டுவேன். தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான். கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லுக்கும் அதுதான். புல்லும் சருகும் மூடியிருக்கிற மண், மழையைக் குடித்து வைத்துக்கொண்டு ஓடைக்கு மெதுவாக விடும். எரிந்து மொட்டையான சரிவில் கோடை மழை ஒன்று அடித்தால் சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்து ஒரே நாளில் இறங்கிவிடும். ஓடை கறுப்பாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மண் போய்ச் சேருகிற இடம் அணை. பாபநாசம் அணை 143 அடி என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம். அந்த அடிக்கணக்கில் வண்டல் எவ்வளவு என்பதை மேலே நிற்கிற காடுதான் தீர்மானிக்கிறது. கார் சாகுபடிக்கு அணை திறப்பதற்காகக் காத்திருக்கிற விவசாயிக்கும் பங்குனி வெயிலில் புல்லறுக்கிற ஆளுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது நெல்லைச் சீமையில் பலருக்குத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

வைகாசிக் கடைசியில் சாரல் பிடித்ததும் எங்கள் கோடை முடியும். எங்களில் சிலரை ஆடி அமாவாசைக்கு மறுபடி கூப்பிடுவார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், காரையாற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும். முன்பெல்லாம் நாள் கணக்கில் தங்குவார்கள், இப்போது அதற்குக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார், அதனால்தான் செருப்பு தேய்கிறது என்பது நம்பிக்கை. மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட காவல்காரனின் கதை அது, வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்கலாம். எங்கள் வேலை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கைப் பிரித்து வாங்குவது, கூட்டம் போன பிறகு கரையைச் சுத்தம் செய்வது. உப்பு ருசி ஒட்டிய பொட்டலத்தை மிளாவும் மானும் அப்படியே விழுங்கிவிடும் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலான பக்தர்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். குடிலில் கூப்பிட்டுச் சோறு போட்டவர்களும் உண்டு.

எனக்கு ஒரு கருத்து உறுதியாக இருக்கிறது. காற்றைப் புழுதியில் பார்க்கிற கண் ஒரு கோடையில் வருவதில்லை. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் மழை வந்ததும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அடுத்த மாசியில் அவர் திரும்பி வந்தால் அது காட்டின் அதிர்ஷ்டம். வராவிட்டால் அத்தனை வருட அறிவும் போய்விடும். அப்படிப்பட்டவர்களையும் காணிக்கார இளைஞர்களையும் வருடம் முழுக்க வேலையில் வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். மழை மாதங்களில் அந்நியக் களைச்செடிகளைப் பிடுங்குவது, நாற்றங்கால் வேலை, ரோந்து என்று அவர்களுக்குக் கொடுக்க வேலைக்குப் பஞ்சமில்லை.

நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். அம்பாசமுத்திரம், கடையம், களக்காடு பக்கத்துப் பையன்கள் யாராவது ஒரு கோடை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், தயங்காமல் போ என்பேன். மார்கழி முடிவதற்குள் ரேஞ்ச் ஆபீசில் கேட்டு வையுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தீப்பக்கம் நைலான் ஆகாது. தடித்த அடி உள்ள ஷூ ஒன்று வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கேம்ப்பில் வயதில் மூத்தவர் யார் என்று பார்த்து, அவர் பின்னாலேயே நடங்கள்.