கரி படிந்த மேடைகள்: எக்கல்சால் காட்டில் ஒரு நில அளவையாளரின் குறிப்புகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரின் தென்மேற்கு விளிம்பிலுள்ள எக்கல்சால் காட்டிற்கு நான் முதன்முதலாக வேலைக்குச் சென்றது ஒரு ஜூன் மாதத்தில். சில மாதங்களில் காட்டின் ஒரு பகுதியில் நெருக்கம் குறைய மரங்களை இடையிடையே வெட்டி எடுக்கவிருந்தார்கள். அதற்கு முன் அங்குள்ள தொல்லியல் தடயங்களை வரைபடத்தில் குறித்துக் கொடுப்பதுதான் நான் பணியாற்றிய சிறிய அளவை நிறுவனம் எனக்குக் கொடுத்த வேலை. கட்டடங்களையும் சாலைகளையும் அளந்தே பழகிய எனக்கு, காட்டில் அப்படி என்ன அளக்க இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது. இரண்டே வாரங்களில் முடித்துவிடலாம் என்று திட்டமும் எழுதிக் கொடுத்தேன்.

ஏறத்தாழ 140 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு, தெற்கு யார்க்‌ஷயரிலுள்ள பழங்காடுகளில் மிகப் பெரியது. 1600ஆம் ஆண்டு முதல் இடையறாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் இங்கிலாந்தில் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். ஏப்ரல் இறுதியில் புளூபெல் மலர்கள் தரையெங்கும் நீலம் விரிக்கும்போது நகரமே இங்கு நடக்க வரும். வருகிறவர்களில் பெரும்பாலோர், மனிதக் கை படாத ஓர் இயற்கைக் காட்டைப் பார்த்த நிறைவோடு திரும்புகிறார்கள். முதல் வாரத்தில் எனக்கும் அந்த நிறைவு இருந்தது. மூன்று குளிர்காலங்கள் இங்கே நடந்த பிறகு, இதை ஒரு பெரிய தொழிற்கூடத்தின் தரையாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது.

சரிவில் ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆறேழு மீட்டர் அகலத்துக்குத் தரை சமமாகிவிடும். மேற்பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி அமைத்த வட்ட மேடை அது. அதன்மேல் இப்போது ஒரு பிர்ச் மரம் நிற்கும், பெரணி மண்டியிருக்கும். இலைச் சருகை விலக்கி விரலால் மண்ணைக் கிளறினால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். கரிமூட்டம் போட்ட இடம் என்று உடன் வந்த தொல்லியலாளர் விளக்கத் தொடங்கினார். தமிழில் அந்தத் தொழிலுக்கே தனிச்சொல் இருப்பதால் எனக்கு அவர் நெடுநேரம் விளக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் ஒரு கம்பு நட்டு, அதைச் சுற்றி விறகை அடுக்கி, பெரணியும் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளும் போர்த்தி, மேலே மண் பூசி, உச்சியில் நெருப்பிட்டு, காற்று அதிகம் புகாமல் நாட்கணக்கில் புகையவிடுவார்கள். இப்படிப்பட்ட மேடைகள் எக்கல்சாலில் நூற்றுக்கும் மேல் உள்ளன.

அன்று அவர் என் உள்ளங்கையில் வைத்த கரித்துண்டு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. குறுக்கே ஒடித்துப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையில் பார்க்கச் சொன்னார். பெரிய துளைகள் வரிசையாக நிற்கும் வளையங்கள் தெரிந்தன. அது ஓக் மரம். வளையங்கள் இறுக்கமாக வளைந்திருந்தன. பருத்த அடிமரத்தின் துண்டாக இருந்தால் வளையம் ஏறக்குறைய நேர்கோடாகத் தெரிந்திருக்கும். இது கைப்பிடியளவு தடிமனுள்ள கொம்பிலிருந்து வந்தது. அடிக்கட்டையை விட்டு வெட்டி, அதிலிருந்து கிளம்பும் துளிர்களைச் சுமார் இருபது ஆண்டுகள் வளரவிட்டு மீண்டும் வெட்டும் மறுதாம்பு முறையில் இந்தக் காடு பல நூற்றாண்டுகளாக நடத்தப்பட்டதற்கு அந்தச் சிறு துண்டே சான்று. மரத்தை வெட்டியதால் காடு அழியவில்லை. வெட்டிய மரம் மறுபடியும் விலைபோகும் என்ற நம்பிக்கையில்தான் ஆடுமாடு புகாமல் வேலியடைத்து, உழவுக்குக் கொடுக்காமல் இந்தக் காட்டை வைத்திருந்தார்கள்.

மேடைகளைவிட என்னை அதிகம் குழப்பியவை குழிகள். மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலம், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம், சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு திறப்பு. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்தான கியூவைப் போல இருப்பதால் இவற்றைக் கியூ குழி என்றே அழைக்கிறார்கள். வானூர்தியிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி எடுத்த லைடார் படத்தில் அவை வட்டப் பள்ளங்களாகத் தெரியும். ஆனால் புயலில் வேரோடு சாய்ந்த மரம் விட்டுச்சென்ற பள்ளமும் அதே படத்தில் அப்படியேதான் தெரியும். திறப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, விளிம்பில் மண் கொட்டிய திட்டு இருக்கிறதா என்று நேரில் நின்று பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

அந்தக் குழிகளில் செய்தது வெள்ளைக் கரி. சிறு துண்டுகளாக நறுக்கிய விறகை, கரியாக விடாமல், ஈரம் மட்டும் முழுதும் போகும்வரை உலர்த்தி எடுத்தார்கள். ஈயம் உருக்குவதற்கு அது தேவைப்பட்டது. தண்ணீர்ச் சக்கரத்தால் இயங்கும் துருத்தி வைத்த உலையில் மரக்கரியைப் போட்டால் வெப்பம் மிஞ்சிவிடும், பச்சை விறகைப் போட்டால் போதாது. இரண்டுக்கும் இடைப்பட்ட எரிபொருள் இது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த உலைகள் இப்பகுதியில் பரவின. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலக்கரியால் எரியும் உலைகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதோடு வெள்ளைக் கரிக்குத் தேவை இல்லாமல் போய், குழிகள் சருகால் நிரம்பின.

ஈயத்தாது டெர்பிஷயர் மலைகளிலிருந்து பொதிக்குதிரைகளின் முதுகில் வந்தது. அந்தப் பாதைகளைத் தெரிந்துகொள்ளாமல் காட்டை மட்டும் வரைபடமாக்குவது அரைகுறை வேலை என்று எனக்குத் தோன்றியதால், விடுமுறை நாட்களில் காட்டிற்கு மேற்கே நடக்கத் தொடங்கினேன். காட்டிற்குள் ஓடிவரும் லிம் ஓடையின் கரையோடு மேலேறினால் வர்லோ, ரிங்கிங்லோ வழியாகச் சிறிது நேரத்தில் திறந்த வெளி வந்துவிடுகிறது. அப்பால் ஹவுண்ட்கர்க் மேட்டுநிலம், ஹெதர் புதர்கள், கடுங்காற்று. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்டிரிக்ட் அங்கே தொடங்குகிறது. ஸ்டானேஜ் பாறை விளிம்பின் அடியில், செதுக்கி முடித்தும் வாங்க ஆளில்லாமல் போன ஆலைக்கற்கள் புல்லில் சாய்ந்து கிடக்கின்றன. காட்டின் கரி மேடைகளுக்கும் இந்தக் கற்களுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டுமே ஒரு நாள் வேலை நின்றுபோன இடங்கள்.

இந்த லிம் ஓடை சாதாரண ஓடையன்று. நார்தம்பிரியா, மெர்சியா என்ற இரண்டு பழைய அரசுகளின் எல்லையாக இருந்த நீர்வழிகளில் ஒன்று. ஓடைக்குத் தெற்கேயுள்ள டோர் என்ற ஊரில்தான், 829ஆம் ஆண்டில் நார்தம்பிரியர்கள் வெசெக்ஸ் அரசன் எக்பெர்ட்டுக்குப் பணிந்ததாக ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு சொல்கிறது. பின்னர் அதே கோடு யார்க்‌ஷயருக்கும் டெர்பிஷயருக்கும் எல்லையாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எல்லையாகப் பணிபுரிந்த அந்த ஓடையை எனது அளவைக் கோப்பில் ‘நீர்வழி, அகலம் 1.5 மீ’ என்று பதிவு செய்ததை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை.

மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு கல்லறைக் கல்லும் எனது பட்டியலில் இருந்தது. ஜார்ஜ் யார்ட்லி என்ற கரி சுடுபவர் 1786 அக்டோபர் 11 அன்று இந்த இடத்தில் தமது குடிசையில் எரிந்து இறந்தார் என்று அதில் பொறித்திருக்கிறது. மூட்டத்தில் ஒரு விரிசல் விட்டாலும் காற்று புகுந்து விறகு முழுவதும் சாம்பலாகிவிடும்; ஆகவே இரவும் பகலும் அருகிலேயே குடிசை போட்டுக் காவலிருக்க வேண்டும். அவருடைய சாவு அந்தக் காவலோடு சேர்ந்தது. கல்லில் அவர் பெயருக்குக் கீழே வேறு சிலருடைய பெயர்களும் தொழில்களும் இருக்கின்றன. விடுதி நடத்தியவர் ஒருவர், துடைப்பம் கட்டியவர் ஒருவர். உறவினர் கல் வைத்ததாகத் தெரியவில்லை. காட்டை ஒட்டிப் பிழைத்தவர்கள் தங்களில் ஒருவருக்காக வைத்த கல் அது. நான் அதன் ஆயத்தொலைவுகளை இரண்டு முறை சரிபார்த்தேன். வேறு எந்தப் புள்ளிக்கும் அப்படிச் செய்யவில்லை.

செய்திருக்க வேண்டும். ஜூனில் நான் கொடுத்த வரைபடத்தில் பதினேழு தடயங்கள் இருந்தன. ஜனவரியில், வெட்டிய மரத்தை இழுத்துச் செல்லும் வழிக்கு அந்த வரைபடத்தை வைத்தே நாடா கட்டியிருந்தார்கள். அந்தக் காட்டில் நெடுங்காலமாகத் தன்னார்வலராக இருக்கும் முதியவர் ஒருவர், இயந்திரம் வருவதற்கு முந்தின வாரம், என்னோடு ஒருமுறை அந்த வழியில் நடந்து பார்ப்போமா என்று கேட்டார். பெரணி முழுதும் காய்ந்து தரையோடு படிந்திருந்தது. முட்புதர்களில் இலை இல்லை. தாழ்ந்த வெயில் சரிவில் பக்கவாட்டாக விழுந்து ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் கொடுத்தது. நூறு மீட்டர் நடப்பதற்குள் அவர் நின்று, காலால் தரையைத் தட்டிக் காட்டினார். மேடை. அதற்கப்பால் இன்னொன்று. மூன்றாவதாக, சாய்ந்த மரத்தின் பள்ளம் என்று நான் எழுதி ஒதுக்கியிருந்த ஒரு குழி, ஹாலி மரத்துக்குக் கீழே, சரிவின் பக்கம் வாய் திறந்து தெளிவாக இருந்தது. மூன்றும் நாடா கட்டிய வழியிலேயே இருந்தன. பல டன் எடையுள்ள இயந்திரம் ஈர மண்ணில் ஒருமுறை ஏறி இறங்கியிருந்தால் அந்த மேடைகள் சேறாகியிருக்கும்.

கருவியின் மீது பழி போடலாம். இலை அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜி.பி.எஸ். பல மீட்டர் விலகும் என்பது உண்மைதான். ஆனால் தரையே தெரியாத பருவத்தில் தரையை அளக்க ஒப்புக்கொண்டது நான். அங்கு வேலை செய்தவர்கள் எந்தப் பருவத்தில் வந்தார்கள், எங்கே தண்ணீர் எடுத்தார்கள், பாரம் சுமந்து எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்று ஒருமுறையும் கேட்டுக்கொள்ளாமல், படத்தில் வட்டம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். மேடைகளை ஒட்டிச் செல்லும் பள்ளமான பழைய தடங்களைப் பின்தொடர்ந்திருந்தால், ஜூனிலேயே அந்த மூன்றில் இரண்டேனும் கிடைத்திருக்கும்.

மரம் வெட்டுவதை எதிர்ப்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கேட்டால் தங்கள் பக்கம் நியாயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுதாம்பு முறை நின்ற பிறகு பீச், சைக்கமோர் போன்றவற்றை நட்டு உயரமான மரக்காடாக மாற்றினார்கள்; 1927இல் ஷெஃபீல்டு மாநகராட்சி ஃபிட்ஸ்வில்லியம் பண்ணையிடமிருந்து காட்டை வாங்கியது. அதனால் அது வீட்டுமனையாகாமல் தப்பியது. ஆனால் பீச் மரத்தின் நிழல் கனமானது. அதன் அடியில் புளூபெல் மெலிகிறது, ஓக் கன்று எழுவதில்லை. வெளிச்சம் வேண்டுமென்றால் மரத்தை எடுக்கத்தான் வேண்டும். எந்த மாதத்தில், எந்த வழியில், எதன்மேல் ஏறாமல் எடுப்பது என்பதே பேச வேண்டியது.

அந்த வழியைப் பதினொரு மீட்டர் கிழக்கே நகர்த்தினோம். நாடாவை அவிழ்த்துக் கட்டியது முதியவரும் நானும்தான். மண் உறைந்த இரண்டு வாரங்களில் மரங்கள் வெளியேறின. அடுத்த நவம்பரில், நிறுவனத்திடம் கேட்டு, ஜூனில் அளந்த பகுதி முழுவதையும் முதலிலிருந்து நடந்தேன். பதினேழு, இருபத்தொன்பது ஆயிற்று. அபி லேன் சாலைக்கு அப்பாலுள்ள சரிவை இன்னும் நடக்கவில்லை. பெரணி படியக் காத்திருக்கிறேன்.