மாநகராட்சியிடம் ஆர்டிஐ போடும்போது காரணம் கேட்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள்

"எங்கள் தெருச் சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது?" என்று ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டால், "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி அந்தப் பதில் சரி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நமக்குத் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைப் பார்க்கவும் நகல் வாங்கவுமான உரிமை. அதிகாரியை உட்காரவைத்து விளக்கம் எழுத வைக்கவோ, இல்லாத பட்டியலைப் புதிதாகத் தொகுத்துத் தரச் சொல்லவோ அதில் இடமில்லை. உச்ச நீதிமன்றமும் 2011-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் "ஏன்", "எப்படி" என்ற சொற்கள் மனுவில் வரவே கூடாது.

சாலை விஷயத்தில் கேட்க வேண்டிய காகிதங்களுக்குப் பெயர் உண்டு. மதிப்பீடு (எஸ்டிமேட்), ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டு அட்டவணை, பணி ஆணை, ஒப்பந்தம், முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம் (எம்-புக்), பில், தரப் பரிசோதனை அறிக்கை. இன்ன வார்டு, இன்ன தெரு, இந்தச் சந்திப்பிலிருந்து அந்தச் சந்திப்பு வரை, இன்ன நிதியாண்டு என்று எல்லை கட்டி, "மேற்படி பணிக்கான அளவுப் புத்தகத்தின் பக்கங்களின் சான்றிட்ட நகல்" என்று எழுதுங்கள். எல்லை கட்டாமல் "பத்து ஆண்டுகளில் போட்ட எல்லாச் சாலைகளும்" என்று கேட்டால், அலுவலகப் பணி பாதிக்கும் என்று 7(9) பிரிவைக் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் பிரிவு தகவலை மறுக்க இடம் தரவில்லை, நாம் கேட்ட வடிவத்தை மாற்றித் தரத்தான் சொல்கிறது. இதை மேல்முறையீட்டில் எழுதலாம்தான், ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இவற்றில் முதலில் கேட்க வேண்டியது எம்-புக். நீளம், அகலம், தடிமன், கன அளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். உதாரணத்துக்கு 210 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 29.4 கன மீட்டர். நாடாவைப் பிடித்து அளந்தால் தெரு 180 மீட்டர்தான் என்றால் 25.2 வர வேண்டும். மிச்சம் 4.2 கன மீட்டர் எங்கே என்பதுதான் உங்கள் அடுத்த மனு. அவசரப்பட்டுக் குற்றம் சாட்ட வேண்டாம். முனைத் திருப்பங்களையும் கிளைச் சந்துகளின் வாயையும் தனி வரிகளாகச் சேர்த்திருப்பார்கள், எல்லா வரிகளையும் கூட்டிப் பாருங்கள்.

மனுவை யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்னையில் பல மண்டலங்கள், 200 வார்டுகள். உள்தெருச் சாலை மண்டல அலுவலகத்தின் வேலை, பேருந்து தடச் சாலைக்குத் தலைமையகத்தில் தனித் துறை. சில பெரிய சாலைகள் மாநகராட்சியுடையதே அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையவை. குடிநீர், கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) சொல்கிறது. அதை நம்பி இருக்காமல் சரியான அலுவலகத்தில் ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கே அனுப்பினால் காத்திருக்கும் நாள் குறையும்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை வாங்கி மனுவிலேயே ஒட்டிவிடலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் அஞ்சல் ஆணையை (போஸ்டல் ஆர்டர்) இங்கே வைக்காமல் இருப்பதே நல்லது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை, 6(2) அப்படித்தான் சொல்கிறது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், இப்போது ஸ்பீடு போஸ்ட்தான். ரசீதையும், போய்ச் சேர்ந்த நாளைக் காட்டும் பக்கத்தின் அச்சையும் பத்திரப்படுத்துங்கள். பதில் தருவதற்கான 30 நாள் கணக்கு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும்.

நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் (பக்கத்துக்கு 2 ரூபாய்), தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது, ஆகவே தாமதிக்காமல் கட்டுங்கள். கெடு தாண்டிய பிறகு பணம் கேட்டால் கட்ட வேண்டியதில்லை, 7(6)-இன்படி இலவசமாகவே தர வேண்டும். பக்கம் நூற்றுக்கணக்கில் போகும்போல் தெரிந்தால், முதலில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பைப் புரட்டிப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பதிலே வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால் 30 நாளுக்குள் அந்த அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதை அவர் முடிக்க 30 நாள், தாமதத்துக்குக் காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாள். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே வரிசை நீளம். நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதைக் கேட்டு வாங்கும் வாசகத்தை மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

தரவுத் தொகுப்பு என்றால் இன்னொரு கவனம் தேவை. தெருவிளக்குப் புகார்களைக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். "புகார் எண், பெற்ற நாள், வார்டு, வகை, முடித்த நாள் ஆகிய கட்டங்கள் மட்டும், கணினியில் உள்ள எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவிலேயே, குறுந்தகட்டில்" என்று எழுதுங்கள். மின்னணு வடிவில் பெறும் உரிமை 2(j)-யில் இருக்கிறது. புகார்தாரர் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால், தனிநபர் விவரம் என்று 8(1)(j) காட்டி மொத்தத்தையும் மறுக்க வழியிருக்காது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவிலிருந்த பொதுநல விலக்கை எடுத்துவிட்டது, ஆனால் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்று சொல்லும் 8(2) அப்படியே நிற்கிறது. மறுப்பு வந்தால் அதையும், மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்துக் கொடுக்கச் சொல்லும் பிரிவு 10-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

எக்செல் கேட்டும் அச்செடுத்து ஸ்கேன் செய்த பிடிஎஃப் வரலாம். வடிவத்தை மறுத்ததற்கான காரணத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். எக்செல்லே வந்தும் தமிழ்க் கட்டங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கோப்பு கெட்டுப்போகவில்லை. வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருப்பார்கள். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு, முதல் வேலையாக வரிசைகளை எண்ணி, பதில் கடிதத்தில் உள்ள மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.