மணப்பாட்டில் திருத்தப்பட்ட ஒரு சொல்

தம்பி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அம்மா, "இந்த வருஷம் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போயிட்டு வருவோம் பிள்ள" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. துணி மடிப்பதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடந்தது. அப்படியே இரண்டு வருடம். அந்த நாட்களில் நாங்கள் ஏறி இறங்காத கோயில் இல்லை. தூத்துக்குடியிலேயே பனிமய மாதா, அப்புறம் உவரி அந்தோணியார், வேளாங்கண்ணி, பூண்டி. எங்கே முழந்தாளிட்டாலும் நான் கேட்டது ஒன்றுதான்: "ஆண்டவரே, அவன் எனக்கு வேணும்." முப்பத்தெட்டு வயதில் அவன் போய்விட்டான்.

கடவுள் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருக்கிறார், ஆனால் அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்ற இடத்துக்கு வந்திருந்தேன். இரவு ஏழரைக்கு வீட்டில் ஜெபமாலை உருட்டிச் சொல்லும் ஐம்பத்துமூன்று மணி ஜெபம் வழக்கம்போல நடக்கும். பீடத்தில் சிவப்பு பல்பு எரியும், அம்மா முன்னுரைப்பாள், தம்பி மனைவியும் அவன் மகளும் பதில் சொல்வார்கள். நானும் உட்கார்ந்திருப்பேன். உதடு அசையும், அவ்வளவுதான்.

அம்மாவைத் தனியாக அனுப்ப மனம் வராமல்தான் பஸ் ஏறினேன். ஆத்தூர்ப் பாலம், காயல்பட்டினம், திருச்செந்தூர். அங்கே பஸ் மாறிக் குலசேகரன்பட்டினத்தைத் தாண்டினால், பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் திடீரென்று கடல் தெரிகிறது. வழியில் கோயில் கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் அம்மா சிலுவை போட்டுக்கொண்டே வந்தாள்.

திருச்சிலுவைக் கோயில் கடலை ஒட்டிய மணல்குன்றின் மேல் நிற்கிறது. 1540-ல் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் சிக்கியது. உயிரோடு கரை சேர்ந்தால் ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நாட்டுகிறேன் என்று அதன் கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார், கப்பல் இங்கே கரை ஒதுங்கியது, சொன்னபடி சிலுவையை இந்தக் குன்றில் நட்டார் என்பது கரைக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. கோயில் எழும்பியது 1581-ல். ஆண்டவர் அறையுண்ட மெய்யான சிலுவையின் துண்டு என்று வணங்கப்படும் சிறு மரத்துண்டு ஒன்றும் இங்கே பாதுகாக்கப்படுகிறது. செப்டம்பர் 14-ஆம் தேதி, திருச்சிலுவை மகிமைத் திருநாளில், அதை முத்தி செய்ய, அதாவது முத்தமிட்டு வணங்கத்தான் அத்தனை கூட்டம்.

வரிசையில் நின்றபோது பழக்கதோஷத்தில் என் மனசு எதைக் கேட்பது என்று தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு முன்னால் அம்மா குனிந்தாள், முத்தி செய்தாள், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு நகர்ந்தாள். மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. வெளியே வந்ததும், "என்னம்மா கேட்ட?" என்றேன்.

"என்னத்தக் கேக்க? முத்தி செய்ய வந்தேன், செஞ்சாச்சு."

குன்றுக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி சவேரியார் குகை இருக்கிறது. 1542-ல் வேதம் போதிக்க இந்தக் கரைக்கு வந்த ஐரோப்பியக் குரு புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கே தங்கி ஜெபித்தார் என்கிறார்கள். உள்ளே ஒரு கிணறு. நாலு எட்டில் அலை அடிக்கிறது, கிணற்றுத் தண்ணீரோ குடிக்கிறமாதிரி இருக்கிறது. அம்மா பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு முன்னால் ஒரு பங்குக் கோயிலிலிருந்து வந்த கூட்டம் உட்கார்ந்திருந்தது. கூட வந்த இளவயதுச் சாமியார் அவர்களுக்குச் சவேரியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஓரமாக உட்கார்ந்தோம்.

சவேரியார் தமிழே தெரியாமல் வந்த மனிதர். தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், எதையெல்லாம் விசுவசிக்கிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம், ஆண்டவர் கற்றுக்கொடுத்த பரலோக மந்திரம், மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழில் மாற்றச் செய்து, தானும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, ஒரு மாதம் தினம் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கற்றதை வீட்டிலும் அண்டை அயலிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று ஆள் வந்தால், தன்னால் போக முடியாத வீடுகளுக்கு அந்தப் பிள்ளைகளை அனுப்புவார். அவர்கள் நோயாளியின் பக்கத்தில் நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். இதையெல்லாம் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இதில் பாதி நான் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதுதான். அடுத்துச் சாமியார் சொன்னதைக் கேட்டதில்லை. முதலில் செய்த அந்த மொழிபெயர்ப்பில் ஒரு தவறு இருந்ததாம். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டிருந்தார்கள். சவேரியாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். பிறகு விவரம் தெரிந்ததும், இதே கரையில் கூட வேலை செய்த மான்சிலாஸ் என்ற தோழருக்கு 1544-லேயே கடிதம் எழுதினார்: இனி அந்த இடத்தில் 'வேணும்' சொல்ல வேண்டாம், அது ஆசைப்படுகிறேன் என்ற பொருளைத் தருகிறது, விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்று.

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சில் யாரோ கை வைத்ததுபோல் இருந்தது. இரண்டு வருடம், எத்தனை கோயில், எத்தனை நவநாள், எத்தனை மெழுகுவர்த்தி! நான் சொன்ன ஜெபம் முழுக்க அந்தத் திருத்தாத ஜெபம்தான். பாடம் என்னவோ சரியாகத்தான் சொன்னேன். உள்ளே ஓடியது 'எனக்கு வேணும்' மட்டும். அது கிடைக்காமல் போனதும் சொல்வதற்கு என்னிடம் வேறு சொல்லே இல்லை.

கேட்பது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். சவேரியாரும் பரலோக மந்திரத்திலிருந்து எதையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. விசுவாசம் இருக்கவேண்டிய இடத்தில் வேண்டுதல் ஏறி உட்கார்ந்திருந்ததைத்தான் எழுப்பிவிட்டார். மாற்கு நற்செய்தியில் நோயாளிப் பையனைக் கூட்டிவந்த அந்தத் தகப்பனும் மகனுக்காகக் கெஞ்சத்தான் வந்தார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே, விசுவசிக்கிறேன், என் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும் என்று கண்ணீரோடு கதறிவிடுகிறார். மகன் குணமாவதற்கு முன்பே சொன்ன வார்த்தை அது. எத்தனையோ தடவை வாசித்த பகுதி, அந்தக் குகையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

சாமியாரும் கூட்டமும் எழுந்து போனார்கள். அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஜெபமாலையை எடுத்தாள். அவள் மாலை மூன்று இடத்தில் அறுந்தது. மூன்று இடத்திலும் அப்பாவின் தூண்டில் நரம்பை வைத்துத்தான் முடிச்சுப் போட்டிருக்கிறாள். மணிகள் தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்தாத உருவம். சிலுவையில் இருக்கும் ஆண்டவரின் சுரூபம்கூடத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பழைய பாடத்தில் ஆரம்பித்தாள்: "பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்..."

முதல்தடவையாக நான் கேட்டேன். தினம் காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்ற இடம், இறந்தவர்கள் உடலோடு உயிர்த்தெழுவார்கள் என்று சொல்லும் இடம், வந்தபோது அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதைச் சொன்னாள். தம்பியின் உடல் நடுவீட்டில் கிடந்த இரவிலும் சொன்னாள். கட்டைவிரல் மட்டும் நரம்பு முடிச்சின் மேல் கொஞ்சநேரம் அழுத்தி நின்றது.

அன்று இரவு மணலில் துண்டை விரித்துப் படுத்தோம். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, பதினான்கு மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "உனக்கு ஆண்டவர்மேல கோவமே வரலயாம்மா?"

"வராம இருக்குமா? ஒருநாள் திரு இருதயப் படத்தையே சுவரைப் பாக்கத் திருப்பி வச்சேன். மறுநாள் நான்தான் நேரா வச்சேன். வேற யாருகிட்டப் போக?" கொஞ்சநேரம் கடலையே பார்த்திருந்தாள். "உங்கப்பா கடலுக்குப் போனப்ப எல்லாம், திரும்பி வந்துருவாருன்னு யாரும் எனக்கு எழுதியா குடுத்தாங்க? ஜெபத்தச் சொல்லிட்டு உலை வச்சேன். அவருக்கும் சேத்துத்தான் அரிசி போட்டேன்."

அப்பா படகு வராமல் இரண்டு நாள் தங்கிப்போன, கச்சான் காற்று அடிக்கும் ஒரு காலம் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நிற்கிறார்கள், அம்மா அடுப்படியில் நாழியால் அரிசி அளக்கிறாள். அப்பாவுக்கும் சேர்த்து. அன்றைக்கு வடித்த சோற்றில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மறுநாளும் அளந்து போட்டாள். மூன்றாம் நாள்தான் அப்பா வந்தார். அவர் வந்ததை வைத்துத்தான் அந்தக் கதையை நான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அரிசி அளந்த அந்த இரண்டு நாளைப் பற்றி நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஊருக்கு வந்தபின் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. காலையில் பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறேன், மெதுவாக, ஒவ்வொரு 'விசுவசிக்கிறேன்' வரும்போதும் கொஞ்சம் நின்று. சில நாள் முழுதாக வருகிறது. சில நாள் பாதியில் பால் பொங்கிவிடும், மீதியைப் பாத்திரம் துலக்கும்போது சொல்வேன். தம்பியை நினைத்து அழுகை வந்தால் அழுகிறேன். அழுதுகொண்டேதான் சொல்கிறேன். பிள்ளையின் படிப்புக்கும் அம்மாவின் முட்டுவலிக்கும் இன்னமும் கேட்கத்தான் செய்கிறேன். கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுகிறேன்.

நேற்று அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நீ முன்னால சொல்லு" என்று ஜெபமாலையை என் கையில் தந்தாள். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தம்பி மகள் என்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழு வயது. சொல்லிக்கொண்டே வந்தேன். 'சரீர உத்தானத்தை' வரைக்கும் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. விரலுக்கடியில் அந்த நரம்பு முடிச்சு. அம்மா ஏறிட்டுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

"விசுவசிக்கிறேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

அவள் பின்னாலேயே நானும் சொன்னேன்.