பிராம்ஸுக்கு முன்னால் ஒன்பது நிமிடங்கள்

ஜெர்மனியில் குடியேறி முகவரியைப் பதிவு செய்த எவருக்கும் சில வாரங்களில் தபாலில் வந்து சேரும் கடிதங்களில் ஒன்று, பொது வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணத்தைக் கேட்பது. வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா, வானொலி கேட்கும் வழக்கம் உண்டா என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒரு குடியிருப்புக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். 2021-இல் அது மாதம் 18.36 யூரோவாக உயர்ந்தது. பாதி கூடப் புரியாத மொழியில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சிகளுக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று புதிதாக வந்த எல்லோரையும் போலவே நானும் முணுமுணுத்தேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு முழுநேர சிம்பொனி இசைக்குழுக்களின் சம்பளமாகப் போகிறது என்பதும், வாழும் இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கி அரங்கேற்றுவதை அந்தக் குழுக்கள் தங்கள் கடமையாகவே கருதுகின்றன என்பதும், அந்தப் படைப்புகளைக் கேட்டு எழுந்துபோகிறவர்களும் கைதட்டி ஓய்ந்துபோகிறவர்களும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியவந்தது ஸ்டுட்கார்ட்டில், பக்கத்து வீட்டு அம்மையாரின் தயவால்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரும் கணவரும் பல ஆண்டுகளாக இசை நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி, லீடர்ஹாலே அரங்கில் அருகருகே இரண்டு இருக்கைகளைத் தம்முடையதாக வைத்திருந்தார்கள். கணவர் இறந்த பிறகு அந்த இரண்டாவது இருக்கையைத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை, காலியாகப் பார்க்கவும் மனமில்லை. "உங்களுக்கு மாலையில் வேறு வேலை இல்லையென்றால் வாருங்களேன்" என்று படிக்கட்டில் வைத்துக் கேட்டார். அந்த ஊரில் என்னை ஒருவர் ஓரிடத்துக்கு அழைத்தது அதுவே முதல் முறை என்பதால், என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று கூடக் கேட்காமல் சம்மதித்தேன்.

சந்தா என்ற இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். புதிய படைப்புகளைச் சுற்றிக் கேட்போரிடையே எழும் பூசலின் வேர் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. இலையுதிர் காலம் தொடங்கிக் கோடை வரை நீளும் ஒரு பருவத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால், குறித்த நாள்களில் குறித்த இருக்கை உங்களுடையது. ஆனால் எந்த நாளில் எதை வாசிப்பது என்பதை முடிவு செய்வது இசைக்குழு. மோட்சார்ட், பிராம்ஸ் போன்ற பழைய மேதைகளின் இசைக்காகப் பணம் கட்டியவர், அவற்றுடன் சேர்த்து வைக்கப்பட்ட, தாம் கேட்டிராத, கேட்க விரும்பியிராத ஒன்றையும் கேட்டாக வேண்டும். நிகழ்ச்சியை வடிவமைப்பவர்களும் விவரமானவர்கள். புதிய படைப்பைக் கடைசியில் வைத்தால் இடைவேளையோடு பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால் அதை முதல் பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள். பிராம்ஸ் வேண்டுமென்றால் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

நான் முதலில் கேட்டது ஒரு கண்டிப்பான பொருளில் புதிய படைப்பே அல்ல. இசையமைப்பாளர் ஜெர்ஜி லிகெட்டி 1961-இல் எழுதிய, ஒன்பது நிமிடம் ஓடும் 'அட்மாஸ்ஃபியர்ஸ்'. அறுபது ஆண்டு கடந்த ஒன்றை அந்த அரங்கில் இன்னும் 'நவீன இசை' என்றே அழைத்தார்கள். அதில் பாடத்தக்க மெட்டு கிடையாது, காலால் தட்டத்தக்க தாளமும் கிடையாது. தந்தி வாத்தியக்காரர்கள் 56 பேருக்கும் தனித்தனி வரி எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் அடித்தொண்டை போன்ற தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சி வரைக்குமான சுரங்கள் அத்தனையும் ஒன்றாக, மிக மெல்லிய ஒலியில், எங்கே தொடங்கின என்று தெரியாமல் எழுகின்றன. மேடையில் வில்கள் அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் பிக்கோலோ குழல்கள் காதைத் துளைக்கும் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து இசை ஒரே கணத்தில் டபுள் பேஸ்களின் பாதாளத்துக்கு விழுகிறது. கடைசியில் பியானோவை வாசிப்பதில்லை. அதன் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தந்திகளைத் தூரிகையால் தடவுகிறார்கள். ஒலி முழுவதும் அடங்கிய பின்னும் இசைக்குழு நடத்துநர் கையைக் கீழே இறக்கவில்லை, ஏனென்றால் அந்த மௌனமும் தாளில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த எழுதப்பட்ட மௌனத்தை எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒருவர் நீண்ட பெருமூச்சால் நிரப்பினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நடத்துநரின் கை இறங்கியதும் மேல்மாடத்திலிருந்து "பிராவோ" என்று ஒரு இளைஞர் கூட்டம் கத்தியது. அதற்கென்றே காத்திருந்தது போல் நடு அரங்கிலிருந்து எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. கூச்சலைக் கேட்டதும் அதுவரை மிதமாகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் வேகம் கூட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் தம் கைப்பையின் உலோகப் பூட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தார். அவர் தட்டவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் படிக்கட்டில் சத்தமாகப் பேசக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் துளை போடக் கூடாது என்று எனக்கு முதல் வாரத்திலேயே பாடம் எடுத்த ஒரு நாட்டில், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து இப்படிக் கூச்சலிட்டது எனக்கு இசையைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. யாரும் யாரையும் அடக்கவில்லை என்பது அதற்கடுத்த அதிர்ச்சி. இடைவேளையில் இரு தரப்பும் ஒரே வரிசையில் நின்று பானம் வாங்கின.

ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். "சத்தம் பிடிக்கவில்லை என்பதல்ல. எனக்கு எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிராம்ஸில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தது வரும்போது சந்தோஷம்" என்றார். பின்னாளில் இந்த விஷயம் பற்றி எவ்வளவோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக யாரும் சொன்னதில்லை.

எனக்கோ பிராம்ஸில் அடுத்து என்ன வரும் என்றும் தெரியாது. அந்த அரங்கில் நான் வளர்ந்து கேட்டது எதுவுமில்லை. காக்க வேண்டிய சொத்து எதுவும் எனக்கு அங்கே இல்லாததால், இரண்டு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வசதி கிடைத்தது. அங்கிருந்து பார்த்தபோது பட்டது இதுதான்: மக்கள் பிரிவது காதின் வழியாக அல்ல, எதற்காக வந்தோம் என்ற எதிர்பார்ப்பின் வழியாக. இதே 'அட்மாஸ்ஃபியர்ஸ்' ஸ்டான்லி குப்ரிக் 1968-இல் எடுத்த விண்வெளிப் படத்தில் ஒலிக்கிறது. அதைக் கேட்டு உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் இருக்கையில் உறைந்திருக்கிறார்கள். திரையில் இருள் இருந்தது, அந்த இசை எதைப் பற்றியது என்பது அவர்களுக்குக் கண் வழியாகத் தெரிந்தது. போலந்து இசையமைப்பாளர் கிரிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி 1960-இல் 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய படைப்புக்கு முதலில் வைத்த பெயர் வெறும் கால அளவு, எட்டு நிமிடம் முப்பத்தேழு விநாடி. பின்னர் அதை ஹிரோஷிமாவில் மாண்டோருக்கான இரங்கற்பா என்று பெயர் மாற்றினார். சுரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் படித்துவிட்டுக் கேட்கிறவர், அதே கீச்சொலிகளைத் துயரமாகக் கேட்கிறார், எதிர்ப்புக் கூச்சலிட அவருக்கு நா எழுவதில்லை. இதில் சிறிது ஏமாற்று வேலை இருக்கிறது என்ற எண்ணமும் எனக்கு உண்டு.

இந்தச் சண்டைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த 'வசந்தச் சடங்கு' பாலே அரங்கேறியபோது நடந்த அமளியைப் பலரும் அறிவார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 31 அன்று, வியன்னாவில் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் நடத்திய நிகழ்ச்சி கைகலப்பாகி, காவலர்கள் வந்து, பட்டியலில் இருந்த மாலரின் பாடல்கள் வாசிக்கப்படாமலே முடிந்தது. ஷோன்பெர்க் அதிலிருந்து கற்றுக்கொண்டது சுவாரசியமானது. 1918-இல் அவர் தொடங்கிய சங்கத்தின் நிகழ்ச்சிகளில் கைதட்டலும் தடை, எதிர்ப்பும் தடை, என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதையும் முன்கூட்டி அறிவிப்பதில்லை, விமர்சகர்களுக்கு இடமில்லை. நியாயமான ஏற்பாடு என்று சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அது பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது. கருத்துச் சொல்லும் உரிமையைப் பறித்துவிட்டு ஒருவனை இசை கேட்க வைப்பதில் என்ன மரியாதை இருக்கிறது?

எதிர்பார்ப்பு என்பது பழமை விரும்பிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தால், கருங்காட்டின் விளிம்பில் இருக்கும் டோனாவெஷிங்கன் என்ற சிற்றூரின் கதை அதைத் திருத்திவிடும். 1921 முதல் புதிய இசைக்கு விழா நடக்கும் ஊர் அது. லிகெட்டியின் அந்தப் படைப்பு 1961-இல் அங்கேதான் அரங்கேறியது, உடனே இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்கப்பட்டது. ஆனால் நான்கு ஆண்டுகள் முன்பு, 1957-இல், அதே விழாவில் ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸவின் படைப்பு தொடங்கிய சிறிது நேரத்திலேயே, புதிய இசையின் முன்னணி இசையமைப்பாளர்களான பூலெஸ், நோனோ, ஸ்டாக்ஹவுசன் மூவரும் எழுந்து வெளியேறினார்கள். காரணம், அது காதுக்கு இனிமையாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் பிராம்ஸை எதிர்பார்த்து வந்தது போலவே அவர்கள் பிராம்ஸ் இல்லாததை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். கிடைக்காதபோது கைப்பையைத் திறந்து மூடும் பொறுமை கூட அவர்களுக்கு இல்லை.

ஓர் அக்டோபர் வார இறுதியில் நானும் ரயிலேறி அங்கே போய்வந்தேன். ஊரே இசைக் குறிப்புத் தாள்களோடு நடமாடியது. அங்கே கூட்டம் பிரிவது இன்னும் நுணுக்கமானது: வாத்தியத்தை வாத்தியம் போல வாசிக்காமல் உரசியும் ஊதியும் தட்டியும் ஒலி எழுப்புவதையே பழகிப்போன உத்தி என்று அலுத்துக்கொள்ளும் மனிதர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. காற்று வாத்தியக்காரர்கள் சுரமே இல்லாமல் வெறும் மூச்சை மட்டும் குழலுக்குள் அனுப்பும் ஓர் இடத்தை நான் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இதையெல்லாம் ரசித்துச் சொல்லிக்கொண்டு போகும்போது என் மனத்தில் நெருடும் நிகழ்வு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2016 பிப்ரவரியில் கொலோன் நகரின் ஃபில்ஹார்மோனி அரங்கில், தெஹ்ரானில் பிறந்த, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்ஸிகார்டின் கலைஞர் மஹான் எஸ்ஃபஹானி, அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967-இல் எழுதிய, ஒரே இசைத்தொடர் மெல்ல மெல்ல நகர்ந்து விலகும் படைப்பொன்றை வாசித்தார். அவர் அதை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தபோதே ஜெர்மன் மொழியில் பேசும்படி கூட்டத்திலிருந்து கூச்சல் வந்தது. வாசிக்கத் தொடங்கியதும் கேலியும் கைதட்டலும் பெருகி, அவர் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அலுவலக உணவறையில் இந்தக் கதை வந்தபோது, அது திரும்பத் திரும்ப வரும் இசையால் எழுந்த எரிச்சல் மட்டுமே என்று ஒருவர் வாதிட்டார். இருக்கலாம். ஆனால் பல்பொருள் அங்காடியில் வாக்கியத்தைத் தவறாக முடித்ததற்காக முறைக்கப்பட்ட எவரும் அந்த முதல் கூச்சலை இசை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். படைப்பை எதிர்ப்பதும் அதைக் கொண்டுவந்தவனை எதிர்ப்பதும் வேறு வேறு; அரங்கின் இருட்டில் இரண்டும் ஒரே குரலில் ஒலிக்கும் என்பதுதான் சங்கடம்.

அதற்குப் பிறகும் நான் அந்த இருக்கையை விடவில்லை. அம்மையாரின் கணவர் பெயரில் வந்துகொண்டிருந்த சந்தா என் பெயருக்கு மாறியது. நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் அறிமுக உரைக்கும் போகத் தொடங்கினேன். வல்லுநர் பேசும் தத்துவத்தில் பாதி எனக்கு எட்டாது, ஆனால் எந்த நிமிடத்தில் எந்த வாத்தியத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே ஒரு குறிப்புக் கிடைத்தால் போதும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அகப்பட்டுவிடும். அம்மையார் அந்த உரைகளுக்கு வரமாட்டார். இசை தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

சென்ற பருவத்தில் ஒரு புதிய படைப்பு அரங்கேறியது. ஒலிபெருக்கிகள், நாலு மூலையிலும் தாள வாத்தியங்கள், அரைமணி நேரத்துக்கும் மேல் ஓடியது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு உத்தியும் டோனாவெஷிங்கனில் கேட்டு முடித்ததாகப் பட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அம்மையார் தட்டிக்கொண்டிருந்தார்.

பெர்லினர் பிளாட்ஸ் நிறுத்தத்தில் டிராமுக்காக நின்றபோது, "நீங்கள் ஏன் தட்டவில்லை?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து முரசொலி முதுகில் வந்து விழுந்த இடத்தைப் பற்றி, அந்த ஒலி எங்கிருந்து வரப்போகிறது என்று தெரியாத பதற்றம் தமக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் பற்றி விவரித்தார். அடுத்து வருவது தெரிந்தால்தான் சந்தோஷம் என்று சொன்னவர் நீங்கள்தானே என்று நான் மடக்கினேன். அது பிராம்ஸுக்குச் சொன்னது என்றார். டிராமில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் தாமும் அதே நிகழ்ச்சியிலிருந்துதான் வருவதாகச் சொல்லி, முரசு சரி, ஒலிபெருக்கிகள் தேவையில்லை என்று மூன்றாவது கட்சி தொடங்கினார். எங்கள் நிறுத்தம் வரும்வரை மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வேற்றுமை உருபுகளை நான் எங்கெங்கே பிசகினேன் என்று இருவரில் யாரும் திருத்தவில்லை. அவர்கள் திருத்த முயன்றது என் தீர்ப்பைத்தான்.