புள்ளி விழாமல் ஒரு கோலம்

அம்மா நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் போட்டுக்கொடுத்த சிக்குக் கோலத்தை மரத்தில் வெட்டி, சட்டம் போட்டு, போன வாரம் ஹாலில் மாட்டினேன். ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி. மொத்தம் 37 புள்ளி. படம் அனுப்பியதும் நண்பர்கள் பாதிப்பேர் “லேசரில் வெட்டினாயா?” என்று கேட்டார்கள். இல்லை, ஸ்க்ரோல் சா. கையால் திருப்பித் திருப்பி வெட்டியது. எப்படி என்று கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஸ்க்ரோல் சா என்பது ஒரு சின்ன மேசை, நடுவில் ஒரு துளை, அதில் செங்குத்தாக நிற்கும் 5 அங்குலப் பிளேடு, அவ்வளவுதான். பிளேடின் மேல்நுனியை இயந்திரத்தின் ஒரு கையும் கீழ்நுனியை இன்னொரு கையும் இழுத்துப் பிடித்திருக்கும். என்னுடைய இயந்திரத்தில் அது நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை ஏறி இறங்கும். பிளேடு நின்ற இடத்திலேயே நிற்கும், நாம்தான் பலகையைத் திருப்பவேண்டும். முதல்முறை பார்த்தபோது என் மனைவி “இது தையல் மெஷின் மாதிரிதானே?” என்று கேட்டார். சரியாகச் சொன்னார், கால்மிதி வைத்த மாடல்கூட உண்டு. இதன் பெரிய வசதி என்னவென்றால், பிளேடின் ஒரு நுனியைக் கழற்றி, பலகையில் போட்ட துளை வழியாகக் கோத்து, மறுபடி மாட்டி, ஓரத்தைத் தொடாமல் பலகையின் நடுவே மட்டும் வெட்டி எடுக்கலாம். கோலம் வெட்டுவதற்கு இந்த ஒரு வசதிதான் உயிர்.

இந்தக் கலையில் பிளேடு நம்பர், மர வகை எல்லாம் பழகப் பழக வந்துவிடும். எனக்குப் புரிய நாளானது வேறொன்று: வெட்டிய பிறகு எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது. மரத்தில் எதுவும் அந்தரத்தில் நிற்காது. இங்கே பினாங்கில், ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் ஜன்னலுக்கு மேலும், மலாய் கம்போங் (கிராமத்து) வீடுகளின் கதவுக்கு மேலும் காற்று வரத் துளைத்த மரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் தெபோக் தெம்புஸ் என்பார்கள். அடுத்த தடவை நின்று பாருங்கள், ஒவ்வோர் இலையும் எங்கேயாவது ஓரிடத்தில் பக்கத்து இலையையோ கொடியையோ தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் அது பாலம் என்று கண்ணுக்குத் தெரியாது. செய்தவரின் திறமை முழுவதும் அந்தப் பாலத்தை ஒளித்து வைத்ததில்தான் இருக்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ‘அன்பகம்’ என்று ஒரு வீட்டுப் பெயர்ப்பலகை வெட்டியபோது. எழுத்தைத் துளையாக வெட்டினால் அகரத்தின் சுழி, ககரத்தின் வயிறு எல்லாம் உள்ளே இருக்கும் மரத்தோடு கீழே விழுந்துவிடும். சரி, எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தை எடுக்கலாம் என்றால் ‘ன்’ மேலும் ‘ம்’ மேலும் இருக்கும் புள்ளி தனியாகக் கழன்று விழுகிறது! எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தமிழ் எழுத்து ஒரு பாலம் கேட்கும். கடைசியில் எழுத்துகளுக்கு மேலே ஒரு பட்டை விட்டு, இரண்டு புள்ளியையும் அந்தப் பட்டையில் ஒட்டித் தொங்கவிட்டேன். ஆங்கில எழுத்துகளுக்கான மாதிரிகள் எங்கும் கிடைக்கின்றன, தமிழுக்கு நாமே யோசித்து வரையவேண்டியிருக்கிறது. யாராவது உட்கார்ந்து தமிழுக்கென்று பாலம் போட்ட எழுத்துரு ஒன்று செய்தால் என்னைப்போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கோலத்துக்கு வருவோம். கோட்டை மரமாக விட்டு, கோடு சூழ்ந்த அறைகளை வெட்டி எடுத்தால் கோலம் ஒரே துண்டாக நிற்கும், ஏனென்றால் கோடு கோட்டை வெட்டும் ஒவ்வோர் இடமும் ஒரு முடிச்சுதான். சிக்குக் கோலம் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. ஆனால் புள்ளி? ஒவ்வொரு புள்ளியும் அறைக்கு நடுவில் யாரையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது. பாலம் போட்டால் கோலம் கெட்டுவிடும், புள்ளியில்லாமல் விட்டால் அது கோலமே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்கு விடை கடைசியில் சாத்தே குச்சியில், அதாவது இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மெல்லிய குச்சியில் கிடைத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மரம். நான் பினாங்கில் ஜெலுத்தோங் என்ற இடத்தில் இருக்கிறேன், அதே பெயரில் ஒரு மரம் இருப்பது இங்கே பலருக்கு நினைவிருக்காது. வெளிர்நிறம், மென்மை, நேரான இழை, செதுக்கு வேலைக்கு அருமையான மரம். அதன் பாலை ஒருகாலத்தில் சூயிங்கம் செய்யப் பயன்படுத்தினார்கள். ஜெலுத்தோங் மரத்தில் கோலம் வெட்டத்தான் எனக்கு ஆசை. ஆனால் கோட்டின் அகலம் 4 மி.மீ., அது வளைந்து வளைந்து போகிறது. முழுமரத்தில் இழை ஒரே திசையில் ஓடுவதால், கோடு இழைக்குக் குறுக்கே போகும் இடத்தில் விரல் பட்டாலே ஒடியும். ஒரு துண்டில் முயன்று பார்த்தேன், இரண்டாவது வளைவிலேயே போய்விட்டது. அதனால் 6 மி.மீ. பர்ச் பிளைவுட். ஐந்து அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் எந்தத் திசையிலும் தாங்கும். சாதாரணக் கடைப் பிளைவுட் விலை குறைவுதான், ஆனால் நடு அடுக்கில் இடைவெளி இருக்கும், பாதி வெட்டியபிறகு கோட்டுக்குள் ஓட்டை தெரிந்தால் என்ன செய்வது? இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பால்மரப் (ரப்பர் மரப்) பலகையும் கைவசம் இருக்கிறது. கெடாவில் தோட்டத்தில் அம்மா பால் வெட்டிய மரம் என்பதால் அதில் ஏதாவது செய்யவேண்டும் என்று வாங்கிவைத்தேன். கோலத்துக்கு ஆகாது, சட்டத்துக்கோ சின்னப் பெட்டிக்கோ ஆகும்.

இனி வெட்டுவது. பலகைமேல் முதலில் நீல மாஸ்க்கிங் டேப், அதன்மேல் ஸ்ப்ரே பசை, அதன்மேல் கோலத்தின் நகல். முடிந்ததும் டேப்போடு உரித்துவிடலாம், மரத்தில் பசை ஒட்டாது. எல்லா அறையிலும் 2 மி.மீ. துளை போட்டேன். இயந்திரம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நுனியில் குறுக்கு ஊசி வைத்த பிளேடு மட்டுமே ஏற்கும் மாடல் வேண்டாம், அந்த ஊசி நுழைய வேண்டுமென்றாலே துளை பெரிதாகிவிடும், இப்படிப்பட்ட வேலைக்கு ஆகவே ஆகாது. தட்டை நுனிப் பிளேடு ஏற்கும் மாடலாகப் பாருங்கள்.

நான் போட்டது 3-ஆம் நம்பர் பிளேடு. கீழ்நுனியில் சில பற்கள் தலைகீழாக இருக்கும் வகை, அடிப்பக்கம் சிலும்பாது. மாட்டியதும் வீணைத் தந்தியைப்போல ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன், கணீர் என்று கேட்டால் இழுவிசை சரி, மந்தமாகக் கேட்டால் இன்னும் இழுக்கவேண்டும். பிளேடை உருவாக்கும்போது பல்லின் ஒரு பக்கம் மெல்லிய பிசிர் நிற்பதால் அது எப்போதும் ஒரு பக்கமாகவே தின்னும், அதனால் நேர்கோடு வெட்டும்போதும் பலகையைச் சற்றுச் சாய்த்துத்தான் தள்ளவேண்டும். முதல் வாரம் என் கைதான் சரியில்லை என்று நினைத்து வருத்தப்பட்டேன். கை சரிதான், பிளேடின் குணம் அது.

நடுவிலிருந்து தொடங்கி வெளியே வந்தேன். ஓர் அறை எப்படிப் போகும் என்றால்: பிளேடைக் கோத்து, இழுத்து, மெதுவாக ஓடவிட்டு, துளையிலிருந்து கோட்டை நோக்கிப் போய், கோட்டின் உள்ளோரத்தைப் பிடித்துக்கொண்டு வளைவு முழுவதும் ஒரே மூச்சில் போகவேண்டும், நடுவில் நின்றால் நின்ற இடத்தில் ஒரு பல் தெரியும். அறையின் முனையில், இரண்டு கோடு சந்திக்கும் கூர்மையான மூலையில், திருப்பக்கூடாது. திருப்பினால் மூலை உருண்டைப்பட்டுப் போகும். முனைவரை போய், வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, அறைக்குள் சுற்றி வந்து, மறுபக்கத்திலிருந்து அதே முனைக்கு வரவேண்டும். இரண்டு வெட்டும் சந்தித்த கணத்தில் உள்துண்டு லேசாகத் தத்தளித்து, ‘டக்’ என்று கீழே விழும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் ஓர் அறை, இன்னும் ஓர் அறை என்று இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருக்கிறேன். தரைவீடு என்பதால் முடிகிறது, அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளிவிளிம்பை எப்போதும் கடைசியாக வெட்டுங்கள், சுற்றியிருக்கும் பலகை கடைசிவரை கோலத்தைத் தாங்கட்டும். முகமூடி இல்லாமல் உட்காரவே வேண்டாம், இந்தத் தூள் மாவைவிட மெல்லியது.

தேய்ப்பதற்கு 220, பிறகு 320 உப்புத்தாள். இத்தனை சந்து பொந்துக்குள் தூரிகை போகாது என்பதால், அகலமான தட்டில் டேனிஷ் ஆயில் என்ற மரப்பூச்சு எண்ணெயை ஊற்றி, கோலத்தை அப்படியே முக்கி எடுத்தேன். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

சட்டம் போடுவதை நான் முன்பெல்லாம் வேலையின் வால் என்றுதான் நினைத்தேன். முதலில் வெட்டிய ஒரு மயிலைக் கடையில் கொடுத்தேன். அவர்கள் கறுப்பு வெல்வெட்மேல் ஒட்டி, கண்ணாடியை மயிலோடு அழுத்தி, பின்னால் டேப் சுற்றிக் காற்றே புகாமல் மூடிக்கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆண்டுக் கடைசி மழை முடிவதற்குள் வெல்வெட்டில் வெள்ளையாகப் பூசணம், மயிலின் தோகை கண்ணாடியை முட்டிக்கொண்டு வளைந்து நின்றது. மூன்று வார வேலை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டும். இங்கே மரத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்துத்தான் சட்டம் போடவேண்டும்.

இப்போது எல்லாம் நானே செய்கிறேன். பின்பலகை 6 மி.மீ. பிளைவுட், துணி கிடையாது, பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் மட்டும். அதன்மேல் கோலத்தின் இன்னொரு நகலை வைத்து, 37 புள்ளியிலும் ஆணியால் குத்தி அடையாளம் செய்து, 3 மி.மீ. துளை போட்டேன். சாத்தே குச்சியை 12 மி.மீ. துண்டுகளாக நறுக்கி ஒவ்வொரு துளையிலும் நட்டேன். குச்சி பருமனில் ஒன்றுபோல் இருக்காது, பாக்கெட்டைப் பிரித்து, துளைக்கு இறுக்கமாக நுழைவதைப் பொறுக்கவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று மி.மீ. நீளம் துளைக்குள் போய்விடும். கோலத்தின் முடிச்சுகளுக்குப் பின்னால் கண்ணில் படாதபடி 3 மி.மீ. கனத்தில் சின்னத் துண்டுகள் ஒட்டியிருப்பதால் கோலம் பின்பலகையைத் தொடாமல் மிதக்கும், அதற்குமேல் அதன் கனம் 6. ஆக, புள்ளியும் கோடும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பக்கவாட்டில் விளக்கு விழும்போது கோலத்தின் நிழல் இன்னொரு கோலமாகப் பின்னால் விழுகிறது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சட்டத்துக்கு நியாத்தோ மரம். நாலு மூலை என்றால் எட்டு வெட்டு, ஒவ்வொன்றும் 45 டிகிரி. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் மொத்தம் 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும், மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாலும் கண்ணுக்குத் தெரியும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளமா என்று இரண்டையும் சேர்த்துவைத்து விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன், அளவுகோலைவிட விரல் நேர்மையாகச் சொல்லும். வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும் என்பதால் முதலில் மெல்லிய ஒரு பூச்சு, சில நிமிடம் கழித்து மறுபூச்சு, பிறகு பழைய மோட்டார் சைக்கிள் டியூபை நீளமாக நறுக்கி நாலு பக்கமும் இறுக்கிச் சுற்றிவிடுவேன். பின்பலகையைச் சட்டத்தோடு ஒட்டுவதில்லை, சுற்றிலும் 2 மி.மீ. தளர்வு விட்டு, திருகிய சின்னத் தகடுகளால் பிடித்திருக்கிறேன். கண்ணாடி போடவில்லை. தூசியை மென்மையான பெயின்ட் தூரிகையால் தட்டினால் போதும். பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று போகும்.

மாட்டியதும் அம்மா முதலில் சொன்னது: “ஏய்யா, கோலத்தை யாராவது செவுத்துல மாட்டுவாங்களா?” முட்டிவலியால் அவர் வாசலில் குனிந்து கோலம் போட்டு நாலு வருஷமாகிறது. அப்புறம் கிட்டே வந்து, இடது ஓரத்தில் ஒரு வளைவில் விரலை வைத்து, கோட்டோடு போக ஆரம்பித்தார். ஒரே இழைக் கோலம் அது, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியவேண்டும். நடுவில் நான் ஏதோ கேட்டதற்குக் கையால் பேசாமலிரு என்று காட்டினார். சுற்றி முடிந்தபிறகு மறுபடி ஒரு வளைவுக்குப் போய், “இங்க மட்டும் மாவு கம்மியாப் போச்சு” என்றார். உண்மைதான். அந்த இடத்தில் பிளேடு கோட்டுக்குள் ஒரு மி.மீ. இறங்கிவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு கோலம் போட்டு வைத்திருந்தார். பதின்மூன்று புள்ளி, ஏழு வரை. எண்ணிப் பார்த்தால் 127 புள்ளி. என் இயந்திரத்தின் கழுத்து, அதாவது பிளேடுக்கும் அதன் பின்பகுதிக்கும் இடையே உள்ள தூரம், 16 அங்குலம்தான், அவ்வளவு பெரிய பலகையைச் சுற்றிலும் திருப்ப இடமில்லை. உடல் முழுவதும் பல் உள்ள முறுக்குப் பிளேடு போட்டால் பலகையைத் திருப்பாமலே எல்லாத் திசையிலும் வெட்டலாம், ஆனால் ஓரம் சொரசொரப்பாக வரும், கோட்டைப் பிடித்துப் போவதும் கஷ்டம். ஒரு டஜன் வாங்கி, ஒதுக்கிவைத்த துண்டுகளில் பழகிக்கொண்டிருக்கிறேன். சாத்தே குச்சி இரண்டு பாக்கெட் தயாராக இருக்கிறது.